வளர்ந்தோர் கல்வி: சொல் விளக்கம்

கிளிநொச்சிப் பக்கம் ஒரு பொதுநோக்கு மண்டபச் சுவரில் ‘முதியோர் கல்வி வகுப்பு’ என்று அறிவித்தல் ஒட்டினால், முதியோர் சங்கத்து ஆட்கள்தான் வருவார்கள். சாதாரண தரத்தோடு படிப்பை விட்ட முப்பது வயதுக்காரர் எட்டியும் பார்க்கமாட்டார். தமிழ்நாட்டில் ‘முதியோர் கல்வி’ நன்றாக வேரூன்றிய சொல்; 1978 அக்டோபர் 2இல் இந்தியாவில் தொடங்கிய தேசியத் திட்டத்தையும் தமிழில் அப்படித்தான் சொன்னார்கள். இலங்கை வழக்கு ‘வளர்ந்தோர் கல்வி’.

ஆங்கில மூலத்துக்கும் இதுவே கிட்ட நிற்கிறது. ‘அடல்ட்’ என்பது லத்தீன் ‘அடுல்டுஸ்’. வளர்தல் என்னும் வினையிலிருந்து வந்தது, பொருள் ‘வளர்ந்துவிட்ட’. கட்டிளமைப் பருவத்தினரைக் குறிக்கும் ‘அடொலசன்ட்’ அதே வினையின் ‘வளர்ந்துகொண்டிருக்கும்’ வடிவம். முதுமைக்கு இதில் இடமே இல்லை.

வளர்ந்தோருக்குக் கற்பிக்கும் முறையைக் குறிக்கும் ‘ஆண்ட்ரகோஜி’ வேறு. 1833இல் ஜெர்மானிய ஆசிரியர் அலெக்சாண்டர் காப் எழுதியது. 1968 முதல் அமெரிக்காவில் மல்கம் நோல்ஸ் பரப்பியது. கிரேக்கத்தில் ‘ஆண்ட்ர’ என்றால் ஆண். பெண்களே நிறைந்த தையல் வகுப்புக்கு சொல்லுக்குச் சொல் ‘ஆடவரை வழிநடத்தல்’ என்று பெயர் வைத்தால் எப்படி இருக்கும்? ‘வளர்ந்தோர் கற்பித்தலியல்’ போதும்.

கட்டுரைகளை எண்ணி இந்தத் துறையின் ஆய்வுப் போக்கைப் பார்க்கிறவர்கள் சறுக்குவது இந்தப் பெயர்களில்தான். யுனெஸ்கோவின் 1976 நைரோபிப் பரிந்துரை ‘வளர்ந்தோர் கல்வி’ பற்றியது. அதன் இடத்தில் 2015இல் வந்ததன் தலைப்பு ‘வளர்ந்தோர் கற்றலும் கல்வியும்’. இடையில் 2006இல் ஹம்பேர்க்கிலுள்ள யுனெஸ்கோவின் கல்வி நிறுவனமே ‘வாழ்நாள் கற்றல்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. பழைய சொல்லை மட்டும் எண்ணினால் துறை தேய்ந்ததுபோல் தெரியும். பெயர் மாற்றமும் அந்தத் தேய்வுக்குள் ஒளிந்திருக்கும். பத்து வருடமாக மேசன் வேலை செய்தவருக்குத் திறன் பார்த்து என்.வி.கியூ என்னும் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் கொடுப்பதை ஆராயும் கட்டுரை ‘முன்கற்றல் அங்கீகாரம்’ என்ற தலைப்பில் இருக்கும். ‘கல்வி’ என்று தேடினால் அகப்படாது.

தமிழில் தேடும்போது முதியோர், வளர்ந்தோர், வயதுவந்தோர் மூன்றையும் போடுங்கள். ‘முறைசாராக் கல்வி’யை ஒற்றோடும் ஒற்றில்லாமலும் தேடவேண்டும், கணினிக்குச் சந்தி தெரியாது. ‘முதியோர்’ என்று போட்டால் முதியோர் பராமரிப்புக் கட்டுரைகளும் சேர்ந்து வரும், அவற்றைத் தலைப்பைப் பார்த்துக் கையால் கழிக்கவேண்டும். பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஒப்பிடும்போது வெறும் எண்ணிக்கையை வைக்காதீர்கள். எல்லாத் துறையிலும் கட்டுரைகள் பெருகியிருக்கின்றன. அந்தப் பத்தாண்டில் வந்த மொத்தக் கட்டுரைகளில் நூற்றுக்கு எத்தனை என்று போடுங்கள்.