76 சதவீதம் பேர் வந்தேறிகள் என்று அந்த ஆய்வு சொல்லவே இல்லை

மறுபடியும் அதே செய்தி சுற்றுக்கு வந்துவிட்டது. "டிஎன்ஏ நிரூபித்தது: அன்றைய இங்கிலாந்தில் நான்கில் மூன்று பேர் வந்தேறிகள்." பழைய எலும்பிலும் பல்லிலும் ஐசோடோப்பு (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள்) அளப்பதுதான் என் பிழைப்பு என்பதால் உறவினர், கல்லூரி நண்பர்கள் என்று யார் யாரோ எனக்கு அனுப்பி "உண்மையா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்கள் மேல் வருத்தமே இல்லை, கேட்கட்டும். கேட்காமல் பகிர்பவர்களுக்காகவும், அதையே ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்து நிற்கும் மாணவர்களுக்காகவும்தான் இதை எழுதுகிறேன்.

செய்திக்கு மூலமான ஆய்வு 2022இல் நேச்சர் இதழில் வந்தது, நல்ல ஆய்வு. வடமேற்கு ஐரோப்பாவின் இடைக்கால மனிதர்கள் 460 பேரின் மரபணுவை எடுத்தார்கள், அதில் 278 பேர் இங்கிலாந்தில் புதைக்கப்பட்டவர்கள். கிழக்கு, தெற்கு இங்கிலாந்தின் தொடக்க இடைக்கால (ரோமர் ஆட்சி முடிந்தபின் வந்த காலம்) மக்களிடம் வடகடலுக்கு அந்தப் பக்கத்து மூதாதையர் பங்கு 76 சதவீதம் வரை இருக்கிறது என்றார்கள். மூதாதையர் பங்கு! இது தலைக்கணக்கு இல்லை. நூறு பேரில் எழுபத்தாறு பேர் படகில் வந்து இறங்கினார்கள் என்று அந்தக் கட்டுரையில் எந்த வரியும் கிடையாது. குடியேற்றம் 5ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிப் பல தலைமுறை நடந்தது. 650 வாக்கில் செத்த ஒருவருடைய மரபணு முழுக்க முழுக்க இன்றைய வட ஜெர்மனி, டென்மார்க் பக்கத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம். ஆனால் அவர், அவருடைய அப்பா, தாத்தா, தாத்தாவின் தாத்தா எல்லோருமே தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் பிறந்து கென்ட் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களாக இருக்கலாம். அவரை வந்தேறி என்பீர்களா? தலைகீழாகவும் நடக்கும். பழைய பிரித்தானிய மரபணு உள்ள ஒரு பெண் வேல்ஸிலிருந்து கிளம்பி வந்து கிழக்குக் கரையில் இறந்திருக்கலாம். நெடுந்தூரம் பயணப்பட்டவர் அவர்தான், டிஎன்ஏ பட்டியலிலோ "உள்ளூர்" கட்டத்தில் உட்கார்ந்திருப்பார்.

மரபணு சொல்வது உங்களைப் பெற்றவர்களையும் அவர்களைப் பெற்றவர்களையும் பற்றி. நீங்கள் எங்கே வளர்ந்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. இதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்த செய்தியில் அதே குழப்பம்தான்.

கென்ட்டில் ஈஸ்ட்ரி ஊருக்குப் பக்கத்தில் அப்டவுன் இடுகாட்டில் 7ஆம் நூற்றாண்டில் புதைக்கப்பட்ட சிறுமியையே பாருங்கள். பதினொன்று முதல் பதின்மூன்று வயதுக்குள் இருக்கும். மரபணுவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, அப்பா வழியில் தாத்தாவோ பாட்டியோ அங்கிருந்து வந்திருக்க வேண்டும். 2025இல் இந்த ஆய்வு வெளியானதும் "இங்கிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைச் சிறுமி" என்று எழுதிவிட்டார்கள். கொண்டுவரப்பட்டாள் என்று யார் சொன்னது, அடிமை என்று யார் சொன்னது? தாய்வழி மரபணு வட ஐரோப்பாவைச் சேர்ந்தது. உறவினர்கள் அதே இடுகாட்டில் கிடக்கிறார்கள். கத்தி, கரண்டி, அலங்காரப் பானை வைத்து, மற்றவர்களைப் புதைத்தது போலத்தான் அவளையும் மரியாதையாகப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பம் அவளைத் தங்கள் பிள்ளையாகவே அடக்கம் செய்தது. நம் காலத்துக் கதையை அவள் தலையில் ஏற்றுவது அநியாயம்.

சரி, வளர்ந்த இடத்தை எதில் பார்ப்பது? பல்லில். எனாமல் சிறுவயதில் உருவானபின் மாறாது, எலும்பு வாழ்நாள் முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். அதனால் பல்லில் சிறுவயது, விலா எலும்பில் கடைசிச் சில ஆண்டுகள். ஸ்ட்ரான்சியம் என்னும் தனிமம் பாறையிலிருந்து மண், பயிர் வழியாக வருகிறது, ஆக்சிஜன் குடிநீரிலிருந்து. இவற்றின் ஐசோடோப்பு விகிதம் இடத்துக்கு இடம் மாறும், அந்த எண்ணைத்தான் அளக்கிறோம். கேம்பிரிட்ஜுக்கு அருகே டிரம்பிங்டனில் கார்னெட் என்னும் சிவப்பு மணிக்கற்கள் பதித்த பொற்சிலுவையோடு கட்டிலில் கிடத்திப் புதைக்கப்பட்ட, பதினாறு வயது மதிக்கத்தக்க பெண்ணின் கதை இப்படித்தான் வெளிவந்தது. ஆல்ப்ஸ் மலையை ஒட்டிய பகுதியில், அநேகமாக இன்றைய தெற்கு ஜெர்மனியில் பிறந்து, ஏழு வயதுக்குப் பிறகு எப்போதோ இங்கிலாந்து வந்திருக்கிறாள். வந்தபின் உணவில் புரதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. இவ்வளவுதான் தெரியும். கல்யாணத்துக்காக வந்தாளா, மடத்தில் சேர வந்தாளா என்பது பல்லில் எழுதியிருக்காது.

இன்னொன்று. ரிப்போர்ட்டில் "உள்ளூர் அல்லாதவர்" என்று இருந்தால் "வெளிநாட்டவர்" என்று படிக்காதீர்கள். புதைத்த இடத்து மண்ணின் எண்ணோடு அவர் பல்லின் எண் ஒத்துப்போகவில்லை, அவ்வளவே. பாறை மாறும் இடத்தில் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவரும் அப்படித்தான் தெரிவார். தென் இங்கிலாந்தில் இருக்கும் அதே சுண்ணப்பாறை வட பிரான்ஸிலும் இருக்கிறது, கடல் தாண்டி வந்தவர் உள்ளூர்க்காரர் போலவே தெரிவார். ஸ்ட்ரான்சியத்தால் ஓர் இடத்தை இல்லை என்று தள்ள முடியும், இதுதான் என்று கைகாட்ட முடியாது. ஆக்சிஜனும் ஏமாற்றும். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும், கஞ்சியாகக் காய்ச்சினாலும், ஏல் என்னும் பார்லி பீராக வடித்தாலும் கனமான ஆக்சிஜன் கூடிவிடும். அன்று குழந்தைகளும் மெல்லிய ஏல் குடித்தார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் "வெப்ப நாட்டிலிருந்து வந்தவர்" என்று எழுதினால் எப்படி?

எல்லாம் கூடிவந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஈட்கித் அரசிதான் உதாரணம். ஆல்ஃபிரட் மன்னரின் பேத்தி, 929 வாக்கில் ஜெர்மனியின் சாக்சனிக்கு அனுப்பப்பட்டு, பின்னாளில் ஜெர்மன் மன்னரான ஓட்டோவை மணந்தவர், 946இல் இறந்தவர். மாக்டபுர்க் பேராலயத்தில் 2008இல் அவர் பெயர் பொறித்த ஈயப் பெட்டி திறக்கப்பட்டது, 2010இல் பிரிஸ்டலில் பல் சோதிக்கப்பட்டது. தென் இங்கிலாந்துச் சுண்ணப்பாறை நிலத்து எண்கள் பொருந்தின, சிறுவயதில் அடிக்கடி இடம் மாறியதும் பல்லின் படலங்களில் தெரிந்தது. கவனியுங்கள், அவரைப் பல் கண்டுபிடிக்கவில்லை. பெயரைப் பெட்டி சொன்னது, பல் சரிபார்த்தது. பெட்டி இல்லாமல் பல் மட்டும் வந்திருந்தால் நான் எழுதியிருப்பது "சுண்ணப்பாறை நிலத்தில் வளர்ந்த பெண்" என்ற ஒரே வரிதான்.

உணவு விஷயத்திலும் இதே அவசரம். ராஜா என்றால் தினம் கறிவிருந்து என்று ஒரு படம் மனதில் பதிந்திருக்கிறது. தென் இங்கிலாந்தின் பழைய வெசெக்ஸ் நாட்டு மன்னர் ஐனியின் சட்டத்தில் பத்து ஹைடு (அன்றைய நில அளவு) நிலத்துக்கு 300 ரொட்டி, 10 வாத்து, 20 கோழி, இரண்டு மாடு அல்லது பத்துக் கிடா, 100 விலாங்கு என்று உணவு வரி எழுதியிருப்பதும் இதற்குத் துணைபோனது. 5 முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வாழ்ந்த 2,023 பேரின் ஐசோடோப்பு அளவீடுகளைச் சேர்த்து 2022இல் பார்த்தபோது, மேல்தட்டினர் மற்றவர்களைவிட அதிகம் கறி தின்றதற்கு அடையாளமே இல்லை. அந்தப் பட்டியல் எப்போதோ நடந்த பெருவிருந்துக்கு, அன்றாடத்துக்கு இல்லை. எலும்பில் நைட்ரஜன் ஐசோடோப்பு எண் உயர்ந்திருந்தால் உடனே கறி என்று எழுதும் பிள்ளைகளே, எருப்போட்ட வயலின் தானியமும் அதை உயர்த்தும், தாய்ப்பாலும் உயர்த்தும், பட்டினியும் உயர்த்தும்.

மீனை மறந்தால் காலமே புரண்டுவிடும். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ரெப்டன் என்னும் ஊரில் 1980களில் குறைந்தது 264 பேரின் எலும்புக் குவியல் கிடைத்தது. 873இல் வைக்கிங் (ஸ்காண்டிநேவியக் கடலோடிகள்) பெரும்படை குளிர்காலத்தைக் கழித்த ஊர் அது. ஆனால் எலும்பின் வயதைக் கணிக்கும் ரேடியோகார்பன் சோதனை சில எலும்புகளை 7, 8ஆம் நூற்றாண்டு என்றது, அதனால் பலர் படைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று ஒதுக்கினார்கள். கடல் கார்பன் சில நூறு ஆண்டுகள் பழையதாகக் காட்டும், கடல் மீன் தின்றவர் எலும்பும் அப்படியே. தின்ற மீனுக்குத் திருத்தம் போட்டதும் 2018இல் எல்லாத் தேதிகளும் 9ஆம் நூற்றாண்டோடு ஒத்துப்போயின. உணவை அளக்காமல் தேதியை நம்பாதீர்கள்.

களத்தில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு. வெறுங்கையால் எலும்பை எடுக்காதீர்கள், கையுறையும் முகக்கவசமும் போடுங்கள், உங்கள் டிஎன்ஏ எங்களுக்கு வேண்டாம். பல்லைத் தேய்த்துக் கழுவாதீர்கள், பல்மேல் படிந்த காரையில்தான் உணவுத் துணுக்குகள் இருக்கின்றன. உடைந்ததை ஒட்டுகிறேன் என்று பசையோ வார்னிஷோ பூசாதீர்கள். அருகிலேயே மண்ணும் செடியும் விலங்கு எலும்பும் எடுத்து வையுங்கள், ஒப்பிட எதுவும் இல்லாமல் என்னிடம் ஒரு பல்லை மட்டும் அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. உரமும் சுண்ணாம்பும் போட்ட வயல் செடி மட்டும் வேண்டாம். எலும்பின் புரதமான கொலாஜனில் கார்பன் நைட்ரஜன் விகிதம் 2.9க்கும் 3.6க்கும் வெளியே போனால் அந்த எண்ணைத் தூக்கிப் போடுங்கள், எவ்வளவு அழகான முடிவு தந்தாலும் சரி.

அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள். வெட்டுவதற்கு முன் படமெடுத்து, ஸ்கேன் செய்து, அச்சு எடுத்து வையுங்கள். ஒரே மனிதருக்குக் காதெலும்பு, இரண்டு கடைவாய்ப்பல், விலா என்று எல்லாவற்றையும் ஒரே தடவையில் பொடியாக்க வேண்டாம். பாதிப் பல் போதும் எனக்கு, மீதியைப் பெயரெழுதிப் பத்திரமாகத் திருப்பி வையுங்கள், இன்னும் குறைவான மாதிரியில் இன்னும் நன்றாக அளக்கத் தெரிந்தவர்கள் பின்னால் வருவார்கள்.