ஓட்டுக்குள்ளேயே மூச்சடங்கும் குஞ்சுகள்

சென்ற ஐப்பசி அடைமழையில், பொரிக்காத பதினோரு கோழி முட்டைகளை ஒரு வாளியில் உமி பரப்பிக் கொண்டுவந்த பெண்மணி, "கரு நல்லாக் கூடியிருந்துச்சு டாக்டர், டார்ச் அடிச்சுப் பார்த்தேன்" என்றார். இரண்டு முட்டைகள் கூமுட்டைகள். மற்ற ஒன்பதிலும் முழு வளர்ச்சியடைந்த குஞ்சுகள் இருந்தன. ஓட்டை உடைத்தபோது வழக்கத்துக்கு மாறாக நீர் வழிந்ததுடன், அகன்ற முனையில் இருக்க வேண்டிய காற்றறையும் மிகச் சிறியதாகவே இருந்தது.

வெப்பத்தில் அவர் தவறவில்லை. மின்விசிறியுள்ள அடைகாக்கும் பெட்டிக்கு (இன்குபேட்டர்) உரிய 37.5 டிகிரி செல்சியஸை ஒழுங்காகக் காத்திருந்தார். தவறு தண்ணீர்த் தட்டில் இருந்தது. ஈரம் குறைந்தால் பொரிக்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, முதல் நாளிலிருந்தே அதை நிரம்ப வைத்திருந்தார்.

அடை வைத்த முட்டை, 18ஆம் நாளுக்குள் ஓட்டின் நுண்துளைகள் வழியே தன் எடையில் ஏறத்தாழ 12 விழுக்காட்டை நீராவியாக இழந்தாக வேண்டும். அந்த இழப்பினால்தான் காற்றறை பெரிதாகிறது. குஞ்சு முதலில் அலகால் குத்தித் திறப்பது முட்டையோட்டை அல்ல, அந்த அறையைத்தான்; அங்குள்ள காற்றைத்தான் முதலில் மூச்சிழுக்கிறது. ஆகவே முதல் 18 நாட்களுக்குப் பெட்டிக்குள் ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டியிருந்தாலே போதும். மழைக்காலத்தில், அதிலும் கடலோர ஊர்களில், தட்டில் சிறிதளவு நீரே இதற்குப் போதுமானதாக இருக்கும். கரூர்ப் பக்கத்துச் சித்திரை வெயிலுக்கு அது போதாது. ஈரப்பதமானியை மட்டும் நம்ப வேண்டாம் (மலிவானவை பல பொய் சொல்லும்). பத்து முட்டைகளைச் சேர்த்துச் சமையலறைத் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் 450 கிராம் இருந்தவை 18ஆம் நாளில் 395 கிராம் அளவுக்கு இறங்கியிருந்தால் சரி.

18ஆம் நாளிலிருந்து கணக்கு தலைகீழாகிறது. முட்டைகளைத் திருப்புவதை நிறுத்திவிட்டு, ஈரப்பதத்தை 65 முதல் 70 விழுக்காட்டுக்கு உயர்த்த வேண்டும். "கீச்" சத்தம் கேட்டதும் ஆவலில் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பவர்கள், அந்த ஈரத்தை வெளியேற்றி உள்சவ்வைக் காயவைத்துவிடுகிறார்கள். காய்ந்த சவ்வு குஞ்சின் உடலில் பசைபோல ஒட்டிக்கொள்வதால், அது ஓட்டுக்குள் சுழன்று வெட்ட முடியாமல் களைத்து இறக்கிறது.

ஓட்டில் முதல் விரிசல் கண்டபின் குஞ்சு வெளிவர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அந்நேரத்தில் சவ்வின் இரத்த நாளங்கள் வற்றிக்கொண்டும், மஞ்சள்கரு வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டும் இருக்கும். இரக்கப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் கசியும், தொப்புளும் மூடியிருக்காது. வெளிவந்த குஞ்சுகளையும் இறகு உலரும்வரை பெட்டியிலேயே விட்டுவையுங்கள். உள்ளே இழுக்கப்பட்ட மஞ்சள்கரு இருப்பதால் முதல் ஒரு நாளுக்குத் தீனி இல்லாமலே தாங்கும்.