தொரோபோ என்று ஒரு மொழி இல்லை

இந்த ஆண்டில் இப்படி வரும் மூன்றாவது பதிவு இது. ஒலிப்பதிவோடு வந்த விவரப் படிவத்தில் ‘மொழி: தொரோபோ (மசாயின் வட்டார வழக்கு)’ என்று எழுதியிருந்தது. பேசியிருப்பவர் தான்சானியாவில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த அக்கியே மக்களைச் சேர்ந்த மூதாட்டி. அவர் பேசுவது அக்கியே மொழி. அதைப் பேசத் தெரிந்தவர்கள் சில நூறு பேர்தான் எஞ்சியிருக்கிறார்கள்.

தொரோபோ என்பது கென்யாவிலும் தான்சானியாவிலும் மாடு மேய்த்து வாழும் மசாய்க்காரர்கள் வைத்த பெயர். மாடில்லாதவர், ஏழை என்று பொருள். மாட்டைச் செல்வமாக எண்ணும் மக்கள், வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழ்ந்த எல்லோரையும் அந்த ஒரே சொல்லால் அழைத்தார்கள். கென்யாவின் யாக்கு மக்களுக்கும் அதே பெயர்தான்; அவர்களுடைய பழைய மொழியோ குஷித்தியக் குடும்பம் என்ற வேறொரு மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஏளனப் பெயரை எப்படி ஐயா மொழிப் பெயராக எழுதுவது?

‘மசாயும் அக்கியேயும் நைலோத்திக் என்ற ஒரே குடும்பத்து மொழிகள்தானே’ என்று உடனே பதில் வருகிறது. ஆனால் கிளைகள் வேறு. மசாய் கிழக்கு நைலோத்திக். அக்கியே தெற்கு நைலோத்திக், கென்யாவின் நந்தி, கிப்சிகிஸ், ஓகியெக் மொழிகளின் உறவு. எண்ணிப் பாருங்கள்: நந்தியில் இரண்டு ‘ஆயெங்’, மூன்று ‘சொமொக்’, மசாயில் ‘ஆரே’, ‘ஊனி’. நான்கு மட்டும் ‘அங்வான்’, ‘ஓங்வான்’ என்று ஒலியில் நெருங்கி வரும். அந்த நான்கைக் கேட்டுவிட்டுத்தான் வட்டார வழக்கு என்று முடிவு கட்டுகிறார்கள். அக்கியே வீடுகளில் இன்று மசாய் கேட்கிறது என்றால், ஒரு மொழியின் இடத்தில் வேறொரு மொழி வந்து உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பள்ளியில் சுவாஹிலி, அக்கம்பக்கத்தில் மசாய். பிள்ளைகளுக்கு அக்கியே பேச இடம் ஏது?

பதிவு செய்யப் போகிறவர்களே, மசாய் மொழிபெயர்ப்பாளரை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மசாயில் கேட்டால் பெரியவர்கள் மரியாதைக்கு மசாயிலேயே பதில் சொல்வார்கள். நீங்களும் ‘மொழி அழிந்துவிட்டது’ என்று எழுதிக்கொண்டு திரும்பிவிடுவீர்கள். இரண்டு முதியவர்களைச் சேர்த்து உட்கார வைத்து, அவர்களுக்குள் பேசவிடுங்கள். சொற்பட்டியலோடு நிறுத்தாதீர்கள், தேன் எடுக்கப் போகும்போது கூடவே போய், அங்கே பேசுவதைப் பதியுங்கள். தங்களை என்ன பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறார்கள் என்பதை முதலில் கேளுங்கள். தயவுசெய்து கேளுங்கள். பெயர் சிறிய விஷயமில்லை. கென்யாவின் மவு காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட மக்களின் வழக்கில் ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தபோது, ஓகியெக் என்ற அவர்களுடைய சொந்தப் பெயரிலேயே அவர்களைப் பழங்குடியாக ஏற்றது. அந்த நீதிமன்றம் இருப்பது தான்சானியாவின் அருஷாவில். அக்கியே நிலத்துக்கு வடக்கே.

படிவத்தில் மொழிப் பெயரைத் திருத்திவிட்டேன். பேசியவர் பெயருக்கு நேரே ‘ஒரு கிழவி’ என்று இருக்கிறது. பதிவு செய்தவர் மீண்டும் அந்த ஊருக்குப் போகும்போது அந்த மூதாட்டியின் பெயரைக் கேட்டு, வெளியிட அவருக்குச் சம்மதமா என்பதையும் கேட்டு எழுதி அனுப்ப வேண்டும்.