சுட்டு: சி மொழியின் பாயின்டர்

இன்னொரு மாறி (வேரியபிள்) கணினியின் நினைவகத்தில் எங்கே இருக்கிறதோ, அந்த முகவரியை வைத்திருக்கும் மாறிதான் பாயின்டர். தமிழில் சுட்டு, சுட்டி என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். என் வாக்கு சுட்டுக்குத்தான். சுட்டி என்றதும் பலருக்கு மவுஸ்தான் நினைவுக்கு வரும். சுட்டு இலக்கணத்தில் வேரூன்றிய சொல். 'அ இ உ அம்மூன்றும் சுட்டு' என்கிறது தொல்காப்பியம். 'அவ்வீடு' என்றால், அந்த 'அ' வீடு இருக்கும் இடத்தைக் காட்டுகிறது. பாயின்டர் செய்வதும் அதே வேலைதான்.

உயர்நிலை நிரல்மொழியில் சுட்டு மாறியைக் கொண்டுவந்தவர் என்று ஹரால்ட் லாசனைச் சொல்வார்கள். 1964-இல் பிஎல்/ஒன் மொழிக்காக அதைச் செய்தார். சி மொழிக்கு அது பி மொழி வழியாக வந்தது. பி-யில் ஓர் அர்ரேயை, அதாவது அடுத்தடுத்து வைத்த மதிப்புகளின் வரிசையை, அறிவித்தால், அதன் தொடக்க முகவரியை வைத்திருக்கத் தனியாக ஒரு செல் இருக்கும். பெல் லேப்ஸ் ஆய்வகத்தில் சி-யை உருவாக்கிய டென்னிஸ் ரிச்சி அந்தச் செல்லை எடுத்துவிட்டார். அர்ரேயின் பெயரைக் கோவையில் (எக்ஸ்பிரஷனில்) எழுதினாலே முதல் உறுப்பின் முகவரியாக மாறிக்கொள்ளும்படி வைத்தார்.

அர்ரேக்குத் தமிழில் அணி. பள்ளிக் கணக்கில் மேட்ரிக்ஸும் அணிதான், இடம் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும்.

ஃபங்ஷனுக்கு, அதாவது செயற்கூறுக்கு, அணியை அனுப்பும்போது ரிச்சியின் அந்த முடிவு கண்ணுக்குத் தெரியும். 'மதிப்பெண்' என்று ஐந்து இன்ட் (முழு எண்) கொண்ட குளோபல் அணி, அதாவது எல்லாச் செயற்கூறுகளுக்கும் வெளியே அறிவித்த அணி, இருக்கிறது என்று வைப்போம். இன்ட் 4 பைட் என்றால், வெளியே, அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் 20 காட்டும். செயற்கூறுக்குள் அளபுருவாக (பாராமீட்டராக) வந்த பெயருக்கு 64 பிட் கணினியில் 8தான் காட்டும். உள்ளே வந்தது சுட்டு மட்டும். அதனால்தான் உறுப்புகளின் எண்ணிக்கையையும் சேர்த்து அனுப்புகிறோம். குளோபல் அணியை அனுப்பாமலே தொடலாமே என்றால், தொடலாம். ஆனால் அந்தச் செயற்கூறு அந்த ஓர் அணிக்கு மட்டுமே உதவும்.

குளோபல் சுட்டை அனுப்பும்போதுதான் நிறையப் பேர் சிக்குகிறார்கள். சி-யில் எதை அனுப்பினாலும் மதிப்பின் நகல்தான் போகும், சுட்டுக்கும் அதே விதி. உள்ளே மாலாக் செய்து, அதாவது புதிதாக நினைவிடம் வாங்கி, அதன் முகவரியை அளபுருவில் போட்டால் நகல்தான் மாறும். தொடக்க மதிப்பு தராத குளோபல் சுட்டு நல் ஆகவே, எதையும் சுட்டாமல், நிற்கும். அழைத்து முடிந்த அடுத்த வரியில் அதன் வழியாக எழுதப் போனால், பெரும்பாலும் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத நினைவிடத்தைத் தொட்டதற்காக நிரல் நின்றுபோகும். அளபுருவுக்கும் குளோபலின் பெயரையே வைத்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே குளோபல் மறைந்துவிடும், படிப்பவர் குளோபல்தான் மாறுகிறது என்று நம்பிவிடுவார். இதற்கு வழி, சுட்டின் முகவரியையே அனுப்புவது. அப்போது அளபுரு சுட்டுக்குச் சுட்டு ஆகிறது, அறிவிப்பில் இரண்டு நட்சத்திரக் குறி வரும். அல்லது புதிய முகவரியைத் திருப்பி அனுப்பச் சொல்லி, அழைத்த இடத்தில் குளோபலில் போட்டுக்கொள்ளலாம். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். குளோபல் எங்கே மாறுகிறது என்று அந்த வரியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.