குழியை மூடிய பிறகு

அகழாய்வுக் குழியை மூடியதோடு எங்கள் வேலை முடிந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அப்போது பாதி வேலைகூட முடிந்திருக்காது. மேலடுக்கை எடுத்தால்தான் கீழடுக்கைப் பார்க்க முடியும், எடுத்த மண்ணை இருந்தபடி திரும்ப வைக்க முடியாது. இன்னொருவர் வந்து அதே இடத்தைச் சரிபார்க்க வழியே இல்லை. அவருக்கு நாம் விட்டுச்செல்வது அறிக்கை நூல் ஒன்றைத்தான்.

மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது அரிக்கமேட்டுக் கதை. புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1945இல் தோண்டினார். மறு வருடமே, 1946இல், முழு அறிக்கையும் இந்தியத் தொல்லியல் துறையின் இதழில் வந்துவிட்டது. மண்ணடுக்குகளின் வெட்டுமுகப் படங்கள், ஒவ்வொரு வகைப் பானைக்கும் விளிம்பு முதல் அடிவரை கோட்டோவியம், எது எந்த அடுக்கில் கிடைத்தது என்ற குறிப்பு, எல்லாமே அதில் உண்டு. உட்புறத்தில் புள்ளிப் புள்ளியாக வட்ட அலங்காரம் உள்ள ரௌலட்டட் தட்டுக்கு அவர் கொடுத்த எண் 1. இன்றும் அதை ‘அரிக்கமேடு வகை 1’ என்றுதான் சொல்கிறோம்.

இத்தாலியிலிருந்து வந்த, காலம் ஏற்கெனவே தெரிந்த ‘அரிட்டைன்’ என்ற சிவப்புப் பாண்டங்களின் ஓடுகளை (உடைந்த துண்டுகளை) வைத்து வீலர் காலத்தைக் கணித்தார். ரோமானிய வணிகத்தோடு சேர்த்தே அந்த ஊரையும் பார்த்தார். 1983இல் தொல்லியலாளர் விமலா பெக்லி அதை மறுத்தார். ரௌலட்டட் வகை இன்னும் முந்தையது, ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே ஊர் இருந்தது என்று வாதிட்டார். அந்த மறுப்புக்கு அடித்தளமாக இருந்தது வீலரே அச்சில் விட்டுச்சென்ற அடுக்கு விவரங்களும் படங்களும்தான். ஒரு தொல்லியல் நூலுக்கு இதைவிடப் பெரிய தகுதி இல்லை என்பேன்: ஆசிரியரின் முடிவு தவறானாலும், அதைத் திருத்தத் தேவையான சான்று அந்த நூலிலேயே இருக்க வேண்டும்.

அப்புறம் பெக்லி குழுவினர் 1989 முதல் 1992 வரை அங்கேயே தோண்டினார்கள். முதல் தொகுதி 1996இல் வந்தது, இரண்டாவது 2004இல். இவ்வளவு காலம் ஏன்? ஒரு சின்ன விளிம்பு ஓட்டை வைத்து முழுப் பானையின் வாய் விட்டத்தைக் கண்டுபிடித்து வரைய வேண்டும். அப்படிப் பல நூறு ஓடுகள். மணி, கண்ணாடி, எழுத்துப் பொறிப்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வல்லுநர் எழுதித் தர வேண்டும். அந்தத் தாமதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஆதிச்சநல்லூரில் 2004, 2005இல் தோண்டியதன் அறிக்கைக்குச் சுமார் 15 ஆண்டுகள் காத்திருந்தோம், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த இடைவெளியில் ஊகங்கள்தான் பரவும்.

பொது வாசகருக்கு எழுதும்போது வேறொரு ஆபத்து. அறிக்கையில் ‘இருக்கலாம்’ என்று இருந்தது, கதையாகச் சொல்லும் நூலில் ‘இருந்தது’ ஆகிவிடுகிறது. எளிமையாக எழுத வேண்டும், சரி. அதற்காக அந்த ‘லாம்’ விகுதியை வெட்டக் கூடாது. வரலாற்று நூல் வாங்கும்போது நீங்களும் கவனியுங்கள். ஆண்டு சொல்லியிருந்தால், எந்த அடுக்கில் கிடைத்த எந்தப் பொருளைச் சோதித்துச் சொன்னார்கள் என்று இருக்கிறதா? படத்தில் அளவுகோல் வைத்திருக்கிறார்களா?

நான் வேலை பார்த்த ஓர் அகழாய்வில், கொட்டகைக்குள் மழைநீர் புகுந்து பைகளில் இருந்த சீட்டுகளின் மை கரைந்துபோனது. நல்ல ஓடுகள்தான், எழுத்துக் கீறல்கூட இருந்தது. எந்தக் குழி, எந்த அடுக்கு என்று தெரியாததால் அறிக்கையில் ஒன்றைக்கூடச் சேர்க்க முடியவில்லை. இன்றும் அது வலிக்கிறது. அன்றிலிருந்து பென்சிலால் எழுதிய இரண்டு சீட்டு: பைக்குள் ஒன்று, வெளியே கட்டியது ஒன்று. கழுவிக் காய்ந்ததும் அன்றைக்கே ஓட்டின் மேல் எண்ணை எழுதிவிடுகிறோம்.