மின் கட்டணக் கணக்கும் பத்தாம் வகுப்புச் சார்பும்

தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் அன்றாட வாழ்க்கைக்கு இடமே இல்லை என்று குறை சொல்ல முடியாது. வாளியின் கொள்ளளவும், கூடாரத்துக்கு வேண்டிய துணியும், கோபுர உச்சியின் ஏற்றக்கோணமும் அதில் உண்டு. ஆனால் அந்தக் கோபுரங்கள் பெரும்பாலும் 30, 45, 60 பாகைகளிலேயே கண்ணில் படுகின்றன. வேண்டிய எண்கள் எல்லாம் கணக்கிலேயே தரப்பட்டிருக்கும், வேண்டாத எண் ஒன்றுகூட இருக்காது. வீட்டிலும் கடையிலும் நமக்கு வருகிற கணக்கில், எதைக் கணக்கில் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்வதிலேயே பாதி வேலை போய்விடும். அந்தப் பாதியை உயர்நிலை வகுப்புகளில் நாம் கற்பிப்பதில்லை. அதைக் கற்பிப்பதற்கு ஆசிரியர்களைத் தயார் செய்வதும் இல்லை.

கணித ஆசிரியர் பயிற்சிகளுக்கு, அவற்றை நடத்தித்தரும் கருத்தாளராகச் செல்லும்போது நான் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் மின் கட்டணம். 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த அமைப்பின்படி, வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50 ரூபாய், 500 வரை 6 ரூபாய். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 2.25 ரூபாய் என்ற வீதமே கிடையாது. 101 முதல் 400 வரை முழுவதற்கும் 4.50 ரூபாய், 500-க்கு மேல் 600 வரை 8 ரூபாய். வீதங்கள் பின்னர் உயர்ந்துவிட்டன என்றாலும், கணக்கிட எளிது என்பதால் பயிற்சியில் இவற்றையே வைத்துக்கொள்கிறேன். 500 யூனிட்டுக்குக் கட்டணம் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! ஓர் எண்ணைக் கொடுத்தால் ஒரு விதிப்படி இன்னோர் எண்ணைத் தருவது சார்பு; ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு விதி என்று மாறும் சார்பு என்று முதல் பாடத்திலேயே நாம் நடத்திவிட்டுக் கடந்துபோகும் விஷயம் இதுதான்.

அடுத்து மின்விசிறிக்கு வருவோம். 75 வாட் மின்விசிறி நாளொன்றுக்கு 10 மணி நேரம் சுழன்றால் 60 நாளில் 45 யூனிட் ஆகும். 30 வாட் மின்விசிறியாக இருந்தால் 18 யூனிட். புதிய மின்விசிறியால் மிச்சமாவது 27 யூனிட் என்பதில் குழப்பமில்லை. ஆனால் எத்தனை ரூபாய் மிச்சம் என்று கேட்டால், 'யாருடைய வீட்டில்?' என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. 90 யூனிட் எரிக்கும் வீட்டில் ஒரு பைசாவும் மிச்சமில்லை. 150 யூனிட் வீட்டில் ஏறத்தாழ 61 ரூபாய். 520 யூனிட் வீடு 500-க்குக் கீழே இறங்கிவிடுவதால் அங்கே 427 ரூபாய். பழைய மின்விசிறியை மாற்றுவதால் மிகக் குறைவான பலன் கிடைப்பது மிகக் குறைவாக மின்சாரம் எரிக்கும் வீட்டுக்கே என்பதைக் கண்டதும், வகுப்பில் கணக்கோடு நியாயமும் பேசப்படுகிறது. அதைப் பாடத்துக்குப் புறம்பானது என்று நான் தடுப்பதில்லை.

இந்தக் கணக்கைக் கையில் கொடுத்ததும் ஆசிரியர்களில் பலரும் முதலில் கேட்பது, இது எந்தப் பாடத்தில் வரும், எத்தனை மதிப்பெண் வினாவாக வரும் என்பதைத்தான். அவர்களை நான் குறை கூறமாட்டேன். தேர்ச்சி விழுக்காட்டைக் கொண்டே எடைபோடப்படும் ஒருவர் வேறெதைக் கேட்பார்? 2015 முதல் பி.எட். இரண்டாண்டுப் படிப்பாகி, பள்ளியில் இருக்க வேண்டிய காலமும் 20 வாரமாக நீண்டது நல்ல மாற்றம்தான். ஆனால் நான் பார்த்தவரையில் அந்த வாரங்களின் பெரும்பகுதி பாடக்குறிப்பு எழுதுவதிலும், ரெக்கார்டு முடிப்பதிலும், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துக்கொள்வதிலும் கழிந்துவிடுகிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை இல்லாத ஒரு கணக்கோடு மாணவர் முன் நிற்கும் பழக்கம் அங்கே வாய்ப்பதில்லை. பணியிடைப் பயிற்சியிலோ, மாநில அளவில் முதன்மைக் கருத்தாளர்களுக்குச் சொல்லப்பட்டது மாவட்டம் வழியாக வந்து சேர்வதற்குள் நீர்த்துப்போய், கடைசியில் ஒரு கட்டகமும் (பயிற்சிக் கையேடு) சில படக்காட்சிகளுமே மிஞ்சுகின்றன.

பயிற்சி நாளின் முற்பகலில் ஆசிரியர்கள் மாணவர்களாக அமர்ந்து இத்தகைய ஒரு கணக்கைத் தாங்களே தடுமாறிப் போட வேண்டும். பிற்பகலில் தம் ஊரிலிருந்து ஒரு கணக்கை உருவாக்க வேண்டும். ஆயத்தொலை வடிவியல் நடத்துபவருக்கு, நிலத்தின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புல வரைபடம் இருக்கிறது. நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்து அளந்திருப்பதை அதிலேயே காட்டலாம். வேளாண்மை உள்ள ஊரில் 45 கிலோ யூரியா மூட்டையில் 46 விழுக்காடு நைட்ரஜன் என்பதே ஒரு நல்ல தொடக்கம். உருவாக்கிய கணக்கை வகுப்பில் நடத்தி, மாணவர்களின் நோட்டுகளோடு அடுத்த பயிற்சிக்கு வரச் சொல்ல வேண்டும். அந்த நோட்டுகளைச் சேர்ந்து படிப்பதுதான் உண்மையான பயிற்சி என்பது என் கருத்து.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டு மின் ரசீதையோ நகைக்கடன் சீட்டையோ வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லக்கூடாது. யார் வீட்டில் குளிர்சாதனம் இருக்கிறது, யார் வீட்டில் வட்டி கட்ட முடியவில்லை என்பதெல்லாம் ஐம்பது பிள்ளைகள் முன்னால் தெரிந்துவிடும். பெயர் மறைத்த ரசீதை ஆசிரியரே கொண்டுவர வேண்டும். மாதம் நூற்றுக்கு ஒன்றரை வட்டி என்பது ஆண்டுக்கு 18 விழுக்காடு என்பதைக் கற்பனைக் குடும்பம் ஒன்றை வைத்தே விளக்கிவிடலாம். எல்லாப் பாடத்தையும் வாழ்க்கையோடு முடிச்சுப்போட வேண்டியதும் இல்லை. காரணிப்படுத்துதலுக்கு மாம்பழக் கணக்கு தேடி அலைவதைவிட, அதை அதன் அழகுக்காகவே கற்பிப்பது மேல்.

நேரம் இல்லை என்பது நியாயமான மறுப்பு. திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பிறகு பத்தாம் வகுப்பில் எதையும் புதிதாக முயல முடியாது. நீண்ட செயல்பாடுகளுக்கு ஒன்பதாம் வகுப்பே ஏற்றது. பத்தாம் வகுப்பில் முயல விரும்புவோர் அறிவியல் ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். அவர் மின்னோட்டவியல் பாடத்தில் ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி என்று எப்படியும் நடத்தத்தான் போகிறார். இருவரும் ஜூன் மாதத்திலேயே பேசிவைத்துக்கொண்டால், தலைமையாசிரியர் அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் ஒரே ஒரு நாள் இரண்டு பாடவேளைகளையும் அடுத்தடுத்து அமைத்துக் கொடுத்தால் போதும்.