தோட்டத்துப் பிள்ளையின் உயரத்தை யாரோடு ஒப்பிடுகிறோம்?

தேயிலைத் தோட்டமொன்றில், தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தின் சுவரில் உயரம் அளக்கும் பலகையை நிறுத்தி, சிறுமியைச் செருப்பைக் கழற்றி நிற்கவைத்தோம். மூன்று வயது நிறைந்து நான்கு நாள். குதிகாலும் முதுகும் பின்தலையும் பலகையில் பட வேண்டும். அவளோ எக்கி எக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். குடும்பநல உத்தியோகத்தர் முழங்காலைப் பிடித்துக்கொள்ள, நான் தலைப்பலகையை இறக்கினேன். 86.2 சென்றிமீற்றர். அந்த வயதுப் பெண்பிள்ளைக்கு நடு அளவு 95.1. 87.4 இற்குக் கீழே போனால் வயதுக்கேற்ற வளர்ச்சியில்லாத பிள்ளை என்று பதிய வேண்டும். பதிந்தோம்.

எங்களோடு வந்திருந்த ஓர் அலுவலர் பதிவேட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தோட்டத்து ஆளுங்க பரம்பரையே கட்டைதானே டொக்டர். இதுக்கும் குறைபாடுன்னு எழுதணுமா?"

அம்மா பக்கத்தில்தான் நின்றார். கொழுந்து நிறுவைக்குப் போகிற வழியில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி வந்தவர். ஒன்றும் பேசவில்லை. பிள்ளையின் சட்டையை இழுத்துச் சரிசெய்தார்.

நுவரெலியா மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பணியில் இருந்த ஆண்டுகளில் இந்தக் கேள்வியைப் பல உருவங்களில் கேட்டிருக்கிறேன். கூட்டங்களில் கொஞ்சம் நாகரிகமாக, "அந்தச் சமூகத்தின் பழக்கவழக்கம்" என்று வரும். கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்லர். ஓர் எண்ணைப் பார்க்கிறார்கள், அந்த எண் ஒரு கூட்டத்து மக்களின் பெயரில் இருக்கிறது, ஆகவே காரணமும் அந்த மக்களுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். என் தொழிலில் நான் கண்ட பிழைகளில் அதிகத் தீங்கு செய்தது இதுதான். பரம்பரைதான் காரணம் என்று முடிவுகட்டிய நாளோடு, தண்ணீரைப் பற்றியோ சம்பளத்தைப் பற்றியோ யாரும் கேட்க மாட்டார்கள்.

பரம்பரைக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் பயன்படுத்தும் வளர்ச்சி அளவுகோல் உலக சுகாதார நிறுவனம் 2006 இல் வெளியிட்டது. பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் பிள்ளைகளை அளந்து தயாரித்தார்கள். தாய்ப்பால், சுகாதாரமான வீடு, புகைபிடிக்காத தாய் என்று நல்ல சூழலில் வளர்ந்த பிள்ளைகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படி எடுத்தபோது, சின்ன வயதில் டில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் வளர்ந்தார்கள். தனித்தனிப் பிள்ளைகளிடையே பரம்பரை வேறுபாடு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து வயதுக்குள் ஒரு கூட்டம் முழுவதுமே பின்தங்கி நின்றால் காரணத்தை அவர்கள் வளரும் சூழலில்தான் தேட வேண்டும்.

இனி நாட்டு எண்களுக்கு வருவோம். 2016 ஆம் ஆண்டின் சனத்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் 17.3 வீதமானோர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். பெருந்தோட்டத் துறையில் அது 31.7 வீதம். செய்திகளில் அடிபடுவது இந்த இரண்டும்தான். பத்தாண்டுக்கு முந்தைய 2006-07 ஆய்வையும் பக்கத்தில் வைத்தால் படம் மாறும். அப்போதும் தேசிய அளவு 17.3. தோட்டத்தில் 40.2. போர் காரணமாக அந்த ஆய்வில் வட மாகாணம் சேரவில்லை, ஆகவே தேசிய எண்ணை ஒன்றுக்கொன்று அப்படியே வைத்துப் பார்க்கக்கூடாது. இருந்தாலும் தோட்டத்தில் குறைபாடு நாற்பதிலிருந்து முப்பத்திரண்டு அளவுக்கு இறங்கியிருக்கிறது. பரம்பரை பத்து வருடத்தில் மாறாது. "இன்னும் ஏறக்குறைய இரண்டு மடங்கு" என்பதும் உண்மை, "நாடு நின்ற இடத்தில் நிற்க, தோட்டம் நகர்ந்திருக்கிறது" என்பதும் உண்மை. முதலாவதை மட்டும் சொன்னால் அந்தப் பத்து வருடம் பாடுபட்ட தாய்மாரும் மருத்துவமாதுமாரும் கணக்கிலேயே வரமாட்டார்கள்.

அடுத்து, "பெருந்தோட்டத் துறை" என்றால் யார்? பலர் அதை அப்படியே "மலையகத் தமிழர்" என்று வாசிக்கிறார்கள். புள்ளிவிபரத் திணைக்களத்தின் வரைவிலக்கணம் இனத்தைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது: இருபது ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புள்ள, குறைந்தது பத்துத் தொழிலாளர் குடியிருக்கும் தோட்டம். அங்கே குடியிருக்கும் சிங்களக் குடும்பமும் அதற்குள் அடங்கும். தோட்டத்தை விட்டு வெளியேறிய மலையகத் தமிழர் அடங்கமாட்டார்.

இதை ஒரு குடும்பத்தில் வைத்துப் பாருங்கள். லயன் காம்பராவில், அதாவது தோட்டத்தின் வரிசை வீட்டு அறையில், பிறந்த மூன்று பிள்ளைகள். மூத்தவள் ஆசிரியையாகி ஹட்டன் டவுனில் வீடெடுத்துப் போகிறாள். இரண்டாமவன் கொழும்பில் கடையில் நின்று, பிறகு சொந்தமாகக் கடை போட்டு அங்கேயே குடியேறுகிறான். கடைசி மகள் அம்மாவோடு மலையில் கொழுந்து பறிக்கிறாள். அடுத்த ஆய்வு வரும்போது மூத்தவளும் இரண்டாமவனும் "நகரத்தார்". தோட்டத்தின் பெயரில் எஞ்சுவது கடைசி மகள் மட்டும். முன்னேறியவர்கள் எல்லாம் கணக்கை விட்டு வெளியே போய்விட, இருப்பவர்களை வைத்து "இத்தனை காலமாகியும் இவர்கள் முன்னேறவில்லையே" என்கிறோம்.

இனத்தை வைத்து எண்ணினாலும் இதே சிக்கல்தான். 1953 குடிசன மதிப்பீட்டில், மலையகத் தமிழரை எண்ணும் "இந்தியத் தமிழர்" என்ற பிரிவினர் நாட்டின் சனத்தொகையில் 12 வீதம் அளவில் இருந்தார்கள். 2012 இல் 4 வீதம் அளவுதான். 1964 ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் லட்சக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பலேறியது ஒரு காரணம். "இலங்கைத் தமிழர்" என்று தங்களைப் பதிந்துகொண்டவர்கள் பலர் என்பது இன்னொரு காரணம். கலவரங்களுக்குப் பயந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்தப் பத்தியில் எண்ணப்படுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1953 இல் அந்தப் பெயரில் இருந்தவர்களும் 2012 இல் இருப்பவர்களும் ஒரே கூட்டத்தின் தொடர்ச்சி என்று எடுத்துக்கொண்டு கோடு போடக்கூடாது.

வறுமை எண்ணில் நான் கொஞ்சம் நேரம் நிற்க விரும்புகிறேன். பயிற்சிப் பட்டறைகளில் எப்போதும் குழப்பம் வருவது இங்கேதான்.

2016 இல் உத்தியோகபூர்வ வறுமை வீதம் நாட்டுக்கு 4.1, தோட்டத்துக்கு 8.8. 2019 இல் நாட்டுக்கு 14.3, தோட்டத்துக்கு 51.3. மூன்று வருடத்தில் தோட்டத்தில் வறுமை ஆறு மடங்கானதா? இல்லை. இடையில் மாறியது வறுமைக் கோடு. 2002 ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட பழைய கோட்டை விட்டு, 2012/13 ஐ அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டுக்குத் திணைக்களம் மாறியது. ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபாய் என்றிருந்தது 6,966 ரூபாய் ஆனது. விலைவாசி ஏற்றமும் அதற்குள் இருக்கிறது, கோட்டையே உயர்த்தியதும் இருக்கிறது. ஆகவே இந்த இரண்டு வருட எண்களை ஒரே வரைபடத்தில் போட்டு "வறுமை பாய்ச்சல்" என்று தலைப்புக் கொடுப்பது தவறு.

ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று இதற்குள் இருக்கிறது. பழைய கோட்டின்படி தோட்டம் நாட்டைவிட இரண்டு மடங்கு வறியது. புதிய கோட்டின்படி மூன்றரை மடங்கு. கோடு எல்லாருக்கும் ஒரே அளவில்தானே உயர்ந்தது, தோட்டத்தில் மட்டும் ஏன் பாதிப் பேர் விழுந்தார்கள்?

2019 இன் சம்பளத்தை எடுத்துக் கணக்குப் போடுவோம். அந்த வருடக் கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 700 ரூபாய், கொழுந்து விலைக்கான கொடுப்பனவு 50, ஆக 750. மாதம் 25 நாளும் "முழுப் பேர்", அதாவது முழு நாள் கூலி, விழுந்தால் 18,750. கணவனும் மனைவியும் வேலை செய்தால் 37,500. அடிப்படைச் சம்பளத்திலிருந்து ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம், அதாவது 2,800 ரூபாய் போனால் கையில் 34,700. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக் கோடு 34,830. ஒரு நாளும் தவறாமல் இரண்டு பேர் மலையேறிய குடும்பம் 130 ரூபாயால் கோட்டுக்குக் கீழே நிற்கிறது. நிறை குறைந்து "அரைப் பேர்" விழுந்த நாட்கள், மழை நாட்கள், வேலை கொடுக்காத நாட்கள் இதில் சேரவில்லை. மேலதிகக் கிலோவுக்குக் கிடைக்கும் காசும், வெளியிலிருந்து பிள்ளை அனுப்பும் பணமும் சில குடும்பங்களை மேலே தூக்கிவிடும், அதுவும் உண்மைதான்.

ஒரே சம்பளம், ஒரே வேலை, ஒரே மாதிரிக் குடும்பங்கள். அதனால் எல்லாரும் ஒரே உயரத்தில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கிராமத்திலும் நகரத்திலும் வருமானம் மேலும் கீழுமாகப் பரந்து கிடக்கிறது, கோடு உயரும்போது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆட்கள் கீழே வருவார்கள். தோட்டத்தில் கோடு அந்தக் கூட்டத்தின் தலைக்குமேல் ஏறியதும் மொத்தமாக விழுந்துவிட்டார்கள். 8.8 என்று பார்த்து 2016 இல் நிம்மதியடைந்தவர்கள், எத்தனை பேர் கோட்டுக்குச் சற்று மேலே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நானும் அன்று கேட்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

எதை அளக்கிறோம் என்பதாலும் படம் மாறும். வேலைக்குப் போகும் பெண்களின் வீதத்தில் தோட்டம் நாட்டிலேயே முன்னணியில் நிற்கிறது. அதை மட்டும் பார்ப்பவருக்கு இது முன்னேறிய சமூகம். அந்த வேலைக்குக் கிடைக்கும் கூலியையும், பிள்ளை பிறந்து எத்தனையாம் மாதத்தில் தாய் மலைக்குத் திரும்புகிறாள் என்பதையும் சேர்த்துப் பார்ப்பவருக்கு வேறு கதை தெரியும்.

காலமும் இருக்கிறது. இலவசக் கல்வி 1945 இல் வந்தது, தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970 களில்தான். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவர்களின் ஊருக்குப் பாதையும் ஆஸ்பத்திரியும் எந்த வேகத்தில் வரும் என்று சொல்லத் தேவையில்லை. சரியாகச் சாப்பிடாமல் வளர்ந்த பெண் குட்டையான தாயாகிறாள், அவளுக்கு நிறை குறைந்த குழந்தை பிறக்கிறது. பலகையில் நான் வாசித்த 86.2 இல் அந்தச் சிறுமியின் அம்மம்மா பட்ட பசியும் இருக்கிறது. இன்று எல்லாம் சரிசெய்தாலும் இடைவெளி ஒரே தலைமுறையில் மூடாது. "இவ்வளவு செய்தும் மாறவில்லையே" என்பவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒப்பிட்டதால்தான் தோட்டத்தின் நிலை வெளியே தெரிந்தது. மாவட்டச் சராசரிக்குள் கலந்துவிட்டிருந்தால் யாருக்கும் கண்ணில் பட்டிருக்காது. ஆனால் கூட்டங்களுக்கிடையே ஒப்பிட்டதோடு நிறுத்தாமல், ஒரே கூட்டத்துக்குள்ளும் ஒப்பிட வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் அகப்படும்.

அந்தத் தோட்டத்தில் நாங்கள் அதைச் செய்து பார்த்தோம். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு. ஒரே சனம், ஒரே சம்பளம், ஒரே கோயில். பதிவேட்டைப் பிரித்துப் பார்த்தபோது கீழ்க்கணக்கில்தான் உயரம் குறைந்த பிள்ளைகள் அதிகம். உடனே முடிவெடுக்கவில்லை. இருபத்தைந்து பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒரு பிள்ளை கூடினாலே நான்கு வீதம் ஏறிவிடும். ஒன்பது மாதம் பொறுத்து மாதாமாதம் அளந்தோம். வித்தியாசம் மறையவில்லை.

பிறகு வீடு வீடாகப் போனோம். மேற்கணக்கில் பிள்ளை மடுவம் தினமும் திறந்திருந்தது, தாய்மார் பத்து மணிக்கு இறங்கி வந்து பால் கொடுத்துவிட்டுப் போனார்கள். கீழ்க்கணக்கில் பராமரிப்பாளர் விலகிப்போய்ச் சில வருடங்களாகவே மடுவம் பூட்டிக்கிடந்தது. குழந்தைகள் கிழவிகளிடம் லயத்தில் இருந்தார்கள். ஒரு பாட்டி சுண்டிய தேத்தண்ணியில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டிக்கொண்டே, "தாய் வர நாலரையாகுங்க, அதுவரைக்கும் வேற என்னாத்த குடுக்கிறது?" என்று கேட்டார். முதலில் நான் அளந்த அந்தச் சிறுமியும் கீழ்க்கணக்குப் பிள்ளைதான். பால் குடிக்கும் வயதில் அவள் இருந்ததும் இப்படி ஒரு லயத்துத் திண்ணையில்.

தோட்ட நிர்வாகத்தோடு மூன்று கூட்டம் நடத்திய பிறகு மடுவத்துக்கு ஒரு பராமரிப்பாளர் வந்தார். இப்போது அந்தப் பதிவேட்டில் உயரம், நிறை என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் குடும்பநல உத்தியோகத்தர் மூன்றாவதாக ஒரு பத்தியைத் தன் கையால் கோடு போட்டுச் சேர்த்திருக்கிறார்: அந்த மாதம் மடுவம் திறந்திருந்த நாட்கள்.